யாருக்கும் தெரியாமல் ஒரு படிப்பு

எங்கள் தெருக்கோடியில் ஒரு புது வீடு இருக்கிறது. முப்பதுக்கு நாற்பது மனை, மேலே ஒரு மாடி. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நான் மட்டும் கோயிலுக்குப் போவதென்றால் அடுத்த சந்தில் சுற்றிக்கொண்டு போகிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. ஏன் சுற்றுகிறேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தேன். சாந்துச்சட்டி சுமந்துதான் மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். அவள் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய், இந்த அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு சின்ன மாடி வீட்டுக்குக் குடி வந்தபோது, என் பழைய வேலை இங்கே ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. "மக என்ன பண்றா?" என்று கேட்டால் "கம்பெனி" என்பேன். அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்த மரியாதையை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து மேசைமேல் இரண்டு காகிதங்களை வைத்தாள். மருமகனுக்கு வெளியூரில் உத்தியோகம். பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, எனக்கு இந்த வேலை போதும்னு ஆயிடுச்சு. வீடு வரையற படிப்பு படிக்கலாம்னு இருக்கேன். ஆர்க்கிடெக்ட்."

"வீடு கட்டறதுக்கா கண்ணு உன்னைப் படிக்க வச்சேன்? அதுக்கு என் சட்டியவே குடுத்திருப்பனே."

"கட்டறதில்லம்மா, வரையறது."

"வரையறவனும் வெயில்லதான் நிக்கோணும்."

அவள் சிரித்துவிட்டு முதல் காகிதத்தைத் தள்ளினாள். இந்த ஊரிலேயே ஒரு காலேஜ். எனக்குத் தெரியாமல் பரீட்சை எழுதியிருக்கிறாள்; இடமும் கிடைத்திருக்கிறது. அஞ்சு வருஷம், முதல் வருஷத்திலிருந்து, தினமும் போக வேண்டும். இரண்டாவது, ஏதோ வெளிநாட்டு யுனிவர்சிட்டி. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள், அது எந்தப் படிப்பானாலும், மேற்கொண்டு மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் படிக்கலாம். வேலையையும் விட வேண்டாம்.

"ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். "காலேஜுன்னா சம்பளம் நின்னுடும், உங்களுக்கும் கஷ்டம். ஆனா அங்க படிச்சா பதிவு நம்பர் தருவாங்க. பிளான்ல சீல் வச்சு நானே கையெழுத்துப் போடலாம். இந்த ஆன்லைன் படிப்புக்கு இங்க அந்த நம்பர் கெடைக்காது. விசாரிச்சுட்டேன்."

அவள் எதையும் மறைக்கவில்லை. ஆகையால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது நான் யோசித்தது சீலைப் பற்றி அல்ல. தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய காகிதக் குழாய், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நிற்கிற என் மகள். தெரு அதைப் பார்க்கிறது. "கம்பெனில வெரட்டிட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்கிறாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி என் காதில் விழுந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்லயே படி. வீட்டோட இருந்த மாதிரியும் ஆச்சு. யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

"அப்ப சீல்?"

"சீலென்ன பெரிய சீலு. நான் வேலை செஞ்ச எடத்துலயெல்லாம் வரஞ்சவன் ஒருத்தன், கட்டினவன் மேஸ்திரி. சீல் வக்கறவன் ஸ்கூட்டர விட்டே எறங்க மாட்டான். வண்டி சீட்டு மேல காயிதத்த வச்சு ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிருவான். வித்தை உன் கையில இருந்தாப் போதும். கையெழுத்த யார்கிட்ட வேணா வாங்கிக்கலாம்."

கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன். எத்தனையோ மேஸ்திரிகள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சீல் வைத்தவர்களில் ஒருவன் முகம்கூட நினைவில்லை. சீல் என்பது கடைசியில் எச்சில் தொட்டு ஒட்டுகிற தபால்தலை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அவள் காலேஜ் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நான்காக மடித்தாள். "ஹௌதும்மா, நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள், ஊர்க் கன்னடம் கலந்து. அந்த வயதில் புதிதாகத் தொடங்க அவளுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கும். சாய்ந்துகொள்ள ஒரு சுவர் தேடினாள். நான் சுவராக நின்றேன்.

மூன்று வருஷம் விடியற்காலையில் மாடி அறையில் வகுப்பு நடந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டில் விசாரித்தால் "கம்பெனி மீட்டிங்" என்பேன். அட்டையை வெட்டி வெட்டிச் சின்னச் சின்ன வீடுகளாக ஒட்டி அறை முழுக்க வைத்திருந்தாள். யாராவது மாடிக்கு வந்தால் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டுவிடுவேன். ஒரு தடவை போர்வைக் கனத்தில் ஒரு வீட்டின் கூரை அமுங்கிப்போனது. அவள் உட்கார்ந்து மறுபடி ஒட்டினாள்.

பட்டமும் கம்ப்யூட்டரில்தான் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாயசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தபோது "என்ன விசேஷம் அக்கா?" என்றாள். பால் மிஞ்சிப்போச்சு என்றேன்.

தெருக்கோடியில் ஒரு டீச்சர் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஒருநாள் மாடிக்கு வந்து, நான் தடுப்பதற்குள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். "இதென்ன அக்கா, பொம்மைக் கொலுவா?" என்றார். மகள் உண்மையைச் சொன்னாள். டீச்சர் தன் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதாக இருந்தார். "அப்போ என் வீட்டை நீயே வரஞ்சு குடேன்" என்றார்.

அவருக்கும் முழங்கால் வலி. மகள் அவரை எங்கள் வீட்டுப் படியில் ஏறி இறங்க வைத்தாள். தரையில் பலகைமேல் பலகையாக அடுக்கி, காலை எவ்வளவு உயரம் வரை முகம் சுளிக்காமல் தூக்குகிறார் என்று டேப் வைத்து அளந்தாள். "டெய்லர்கூட இப்படி அளவெடுக்கலியே" என்று டீச்சர் சிரித்தார். அந்த அளவுக்குப் படிகளைத் தாழ்வாக வரைந்தாள். நடுவில் படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு கல் மேடை. அந்த மாதங்களில் என் மகள் நடந்த நடையே வேறு.

பிளான் பாஸ் ஆக சீல் வேண்டும் என்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் டீச்சரின் மகன் போனிலேயே ஆள் பிடித்துக் கொடுத்தான். மெயின் ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற, பதிவு நம்பர் உள்ள ஆர்க்கிடெக்ட். மகளோடு நானும் போனேன். அவர் காகிதங்களைப் புரட்டினார், ஒன்றிரண்டு கேள்வி கேட்டார், சீல் வைத்தார். டீ வந்தது. வெளியே வந்ததும் "நான் சொன்னனா இல்லியா?" என்று மகளிடம் கேட்டேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் மனைக்கு முன்னால் பலகை நட்டார்கள். ஆர்க்கிடெக்ட் என்று போட்டு அந்த மனிதரின் பெயர். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தேன்.

"உன் பேரு எங்க?"

"சட்டப்படி அவர் பேருதாம்மா. ஆர்க்கிடெக்ட்னு நான் போட்டுக்கக் கூடாது."

நான் சட்டி சுமந்த காலத்தில் மனைகளில் பலகை பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

கிரகப்பிரவேசத்துக்குத் தெருவே வந்திருந்தது. பூஜை முடிந்ததும் வீடு கட்டியவர்களுக்கு மரியாதை செய்தார்கள். மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, தச்சருக்கு வேட்டி துண்டு. அப்புறம் டீச்சரின் மகன் அந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை வைத்தான். "எங்கம்மா முழங்கால் நோகாத மாதிரி படி வரஞ்சு குடுத்திருக்கார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். கை தட்டினார்கள். அந்த மனிதர் ஒரு கணம் படியைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார்.

வந்த பெண்களுக்கெல்லாம் தேங்காயும் ரவிக்கைத் துணியும் கொடுத்தார்கள். என் மகளுக்கும் அதையே கொடுத்தார்கள். டீச்சர் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தபடி மெல்லச் சொன்னார்: "மனசுல வச்சுக்காதே கண்ணு. பையனுக்குப் பேப்பர்ல இருக்கற பேருதானே தெரியும்."

"பரவால்ல டீச்சர்" என்றாள் மகள்.

பந்தியில் உட்கார்ந்தோம். என்னால் முடியவில்லை. இலையை விட்டு எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?"

"வரஞ்சது யாருன்னு சொல்லிப்போட்டு வர்றேன்."

"பேடாம்மா, வேண்டாம். உக்காருங்க."

"ஏன், நாலு பேருக்குத் தெரியட்டுமே."

"யாருக்கும் தெரிய வேண்டாம்னுதானே படிச்சேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "இப்ப சொன்னா, நம்பர் இல்லாதவ வரஞ்ச வீடான்னு கேப்பாங்க. டீச்சருக்குத்தான் சங்கடம். ஒப்பட்டு ஆறுது, சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். போளிமேல் நெய் விட்டார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை நானே மன்னிக்காத இடம் அதுதான்.

அதற்கப்புறம் அவள் வேறு வீடு வரையவில்லை. கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரை, நேரமில்லை என்று அனுப்பிவிட்டாள். அட்டை வீடுகளைப் பரணில் ஏற்றியாயிற்று. இப்போது போர்வை தேவைப்படுவதில்லை. கம்பெனியில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். "உங்க மக இன்னும் அதே கம்பெனிதானா?" என்று கோயிலில் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். தெருவில் எனக்கு இருந்த மரியாதையில் ஒரு குறையும் வரவில்லை.

டீச்சர் மட்டும் பார்க்கும்போதெல்லாம் கூப்பிடுகிறார். "அன்னிக்குக் கீழயே சாப்பிட்டுப் போயிட்டே அக்கா. ஒரு தடவை மாடி ஏறிப் பாரேன்."

முழங்கால் வலி டீச்சர், படி ஏற முடியாது என்கிறேன். அந்தப் படி முழங்கால் வலிக்கிறவர்களுக்காகவே வரைந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.