கவிழ்த்து வைத்த மங்கு

என் மகள் ரவாங்கில், எங்கள் வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுத்தவள். நான் உலு யாம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள். தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் படிக்க வராது. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு மத்தியானம் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நோட்டை என் முன்னால் விரித்தாள். கவிழ்ந்த அரைவட்டம், அதற்குள் ஒரு புள்ளி.

"இந்த எடத்துல தாளம் எண்ணுறத விட்டுடணும்மா. போதும்னு மனசுக்குத் தோணுற வரைக்கும் அந்த ஒரு சத்தத்தப் பிடிச்சு வச்சிருக்கலாம்" என்றாள்.

இத்தாலிக்காரர்கள் அதை ஃபெர்மாட்டா என்பார்களாம். நிறுத்துவது என்று அர்த்தம். அதற்கும் அடியில், பழைய லத்தீனில், உறுதியாக்குவது என்று இருக்கிறதாம். ஜெர்மன்காரர்கள் சொல்லின் வாலை மட்டும் மாற்றி அதையே வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயின்காரர்களுக்கு அது பெரிய கொப்பரை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆர்கன் புள்ளி. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றுதான் அந்த நோட்டு முழுக்க இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு புள்ளிக்கு இத்தன பேரா? எங்கள வேல வாங்குன மண்டோருக்கே நாங்க இத்தன பேர் வைக்கல லா."

சிரித்தாள். "உங்களுக்கு இது எப்படித் தெரியுது, சொல்லுங்க."

"மங்கக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. வெட்டாத நாள்ல, மழத்தண்ணி ஏறாம இருக்க, பால் புடிக்கிற மங்கக் கவுத்துட்டு வருவோம். உள்ள ஒரு சொட்டு ஒட்டியிருக்கும். மரத்துக்கு அன்னைக்கி ஓய்வு."

இப்போது சிரிக்கவில்லை. குனிந்து ஒரு பக்கம் நிறைய எழுதினாள்.

"என்ன எழுதுன?"

"முடியட்டும்மா. படிச்சுக் காட்டுறேன்."

அந்த மாதமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

செத்தவர் கடைசியாகப் புழங்கிய பொருளைச் சாம்பலோடு தண்ணீரில் விடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். என் அப்பாவோடு அவருடைய பால்வெட்டுக் கத்தி போனது. கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் படகில் உட்கார்ந்து நான் அந்த நோட்டை எடுத்தேன்.

என் தம்பி கையைப் பிடித்தான். "என்ன நோட்டுன்னு படிச்சுப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். பாட்டு நோட்டுதான்."

தலைகீழாகப் பிடித்திருந்தேனா, நேராகப் பிடித்திருந்தேனா, அதுகூட எனக்குத் தெரியாது. குடு, நான் பாக்குறேன் என்று அவன் கேட்குமுன் விட்டுவிட்டேன். கொஞ்ச தூரம் மிதந்துபோய் முழுகியது.

பதினாறாம் நாள் அவளுடைய சிநேகிதி வந்தாள். அவளும் பியானோ டீச்சர்.

"ஆன்ட்டி, அந்த நோட்டக் குடுங்க, நான் முடிச்சு அச்சுக்குக் குடுக்கிறேன். உங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கேன்னு சொன்னா."

"என்ன எழுதுனாளாம்?"

"காட்டலயே ஆன்ட்டி. முதல்ல அம்மாவுக்குத்தான் படிச்சுக் காட்டணும்னுட்டா."

ஆற்றில் விட்டதைச் சொன்னேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தாலி, ஸ்பெயின் விஷயமெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது, திரும்ப எழுதிவிடலாம் என்றாள்.

எழுதலாம். அந்த ஒரு பக்கத்தை யார் எழுதுவது? நான் சொன்னதை இங்கே தமிழில் நானே எழுதிவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு என் மகள் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது.