தாசில்தார் பேசுகிறேன்

போன வாரம் தங்கை விஜயா வீட்டுக்குப் போயிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அவள் வீட்டுக்காரர் கனகராஜ் காலில் கட்டோடு படுத்திருந்தார். மாட்டுக் கொட்டகை காலி. கறவை மாடுகள் ஆற்றோடு போய்விட்டன.

எல்லாம் ஒரு ஆடியோவில் ஆரம்பித்தது. "தாசில்தார் பேசுகிறேன்... அணை உடையும் நிலையில் இருக்கிறது, உடனே வெளியேறுங்கள்" — ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. பட்டா முகாமில் கேட்டுப் பழகிய குரல். சந்தேகம் வருமா? ஊரே ஓடியது. அந்த ஓட்டத்தில் விஜயாவின் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே போலீஸ் சொல்லிவிட்டது: தாசில்தார் பேசவே இல்லையாம். யாரோ கம்ப்யூட்டரில் செய்த குரல். யார்? எதற்காக? இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நாளில் அடைமழை பிடித்தது. மறுபடி ஒரு ஆடியோ. உபரி நீர் திறக்கிறோம், கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்றது. விஜயா பழைய ஆடியோவையும் சேர்த்து எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"ண்ணா, இது நெஜமா, பொய்யா? நீ பேப்பர்ல எழுதறவன்தான... கேட்டுச் சொல்லு."

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் போன் எங்கேஜ்டு — என்னைப் போல ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். எதற்கும் கிளம்பிவிடு என்றேன். மாமியாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

மாப்பிள்ளை அசையவில்லை. போன தபா ஓடித்தான் அம்மாவுக்கு இந்தக் கதி என்றாராம். வி.ஏ.ஓ. நேரிலேயே வந்து கூப்பிட்டிருக்கிறார்.

"உங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறார் மாப்பிள்ளை.

வி.ஏ.ஓ. தன் போனை நீட்டினாராம். அதே ஆடியோ!

தண்ணீர் வந்தது. மாட்டை அவிழ்க்க ஓடியவரை வெள்ளம் இழுத்துப்போய் ஒரு வேப்பமரத்தில் மோதவிட்டது. தீயணைப்புக்காரர்கள் கயிறு போட்டு மீட்டார்கள். கால் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தாசில்தாரே வந்து பார்த்திருக்கிறார்.

"பேசினது நீங்கதான் சார். நான்தான் நம்பல" என்ற மாப்பிள்ளை, கூடவே சொன்னாராம்: "இனிமே சொன்னாலும் நம்புவனான்னு தெர்ல."

பாவம், தாசில்தாரும்தான் என்ன செய்வார்?

எல்லையில் ராணுவம் நிற்கிறது. வானத்தில் சாட்டிலைட் சுற்றுகிறது. இந்தப் பொய்க்குரலை எந்த வேலி தடுக்கும்? ஒருவர் 'கிளம்புங்கள்' என்றால் ஊர் கிளம்ப வேண்டும் — அரசாங்கம் நடப்பதே அதை நம்பித்தான். முகம் தெரியாத ஒருவன், எங்கோ உட்கார்ந்தபடி, அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டான். தீர்வு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

நேற்று கல்வராயன் மலைப் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. விஜயாவுக்குப் போன் போட்டு, மேட்டுக்குப் போய்விடம்மா என்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ண்ணா... பேசறது நீதானா?"

சின்ன வயதில் அம்மா எங்களைத் திட்டுகிற வார்த்தையைச் சொன்ன பிறகுதான் கிளம்பினாள்.