ஒரு பீஸ் அட்வைஸ்

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடை பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று முதலாளி எங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் வைத்தார். கடை திறப்பதற்கு முன்னால், புடவை விரித்துக் காட்டும் மெத்தையிலேயே உட்கார்ந்து படிப்போம். சொல்லித்தர ஒரு சின்னப் பெண் வருவாள். என் மகளைவிடச் சின்னவளை மிஸ் என்று கூப்பிட எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அன்றைக்குப் பாடம், யோசனை சொல்வதும் கேட்பதும். அரக்கு எடுங்கம்மா, உங்க நிறத்துக்குத் தூக்கலா இருக்கும் என்று நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம் என்று தெனாவெட்டாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றிவிட்டது. ஒரு அட்வைஸ் என்று சொல்லக் கூடாதாம், ஒரு பீஸ் அட்வைஸ் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்களுக்குத் தெரிந்த பீஸ் ரவிக்கைத் துணிதான். 'ஷுட்' என்றால் செய்யணும். 'மஸ்ட்' என்றாலும் செய்யணும். ஆனால் இரண்டும் ஒன்றில்லையாம். 'ஹேட் பெட்டர்' என்பதில் 'ஹேட்' நேற்றைக்கு, செய்ய வேண்டியதோ நாளைக்கு. கேட்க அவ்வளவு நைசாக இருக்கும் அந்த வார்த்தை பாதி மிரட்டல் என்று மிஸ் சொன்னபோது, நான் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

பிறகு ஜோடி ஜோடியாகப் பேசச் சொன்னாள். ஒருத்தி ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவள் யோசனை சொல்ல வேண்டும். கஷ்டம் கற்பனையாகவே இருக்கலாம் என்றாள். எனக்கு ஜோடி, என் பக்கத்து கவுன்ட்டரில் நிற்கும் பெண். வயதில் இளையவள். அக்கா அக்கா என்று சீரியல் கதையெல்லாம் பேசுவாள், வீட்டைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

அவள் எழுந்து நின்று, என் கணவர் என்னோடு பேசுவதில்லை, நான் என்ன செய்யட்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நன்றாகச் சமைத்துப் போடணும் என்று 'ஷுட்' போட்டுச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சமைத்தேன் என்றாள். காரணத்தைக் கேட்டுவிடுவது நல்லது என்று 'ஹேட் பெட்டர்' போட்டேன். கேட்டேன், பதில் இல்லை என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ் மட்டும், வெரி குட், இப்போ 'இஃப் ஐ வேர் யூ' சொல்லுங்க என்றாள்.

உன் இடத்தில் நான் இருந்தால் என்று நாம் சொல்வோம். இடம்தான் மாறும், ஆள் மாறாது. இங்கிலீஷில் நானே நீயாகிவிட வேண்டியிருக்கிறது. ஆகிப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவள் சொன்னது கற்பனையா நிஜமா என்றும் புரியவில்லை, முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. மிஸ் வாட்ச்சைப் பார்த்தாள். அவசரத்தில் வாய்க்கு வந்த சின்ன வார்த்தையைப் போட்டு முடித்தேன்: ஐ வுட் கோ. நானாக இருந்தால் போய்விடுவேன்.

தேங்க் யூ ஃபார் யுவர் அட்வைஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாடத்தில் அப்படித்தான் முடிக்க வேண்டும்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் போன் செய்தேன்.

"எங்கம்மா இருக்கே?"

"பஸ் ஸ்டாண்டுலக்கா. பையை வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கேன்."

"எங்க போறே?"

"தெரியலக்கா. நீங்க போன்னுதான் சொன்னீங்க, எங்கன்னு சொல்லலையே."

அவள் கிண்டல் செய்கிறாளா, அழுகிறாளா? எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, மிஸ்மேலா, என்மேலா என்று பிரிக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். போவதற்கு அவளுக்கு அம்மா வீடு என்று ஒன்று இல்லை என்பதே வழியில்தான் தெரிந்தது.

"அடிக்கிறானா?" என்று கேட்டேன்.

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. சண்டையும் இல்ல. பேசறதில்ல, அவ்ளோதான். பசிச்சா தட்டை எடுத்து முன்னாடி வெப்பாரு, நான் போடுவேன்."

இதற்கு என்ன யோசனை சொல்வது? அடித்திருந்தால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் அவள் கணவன் எனக்கு போன் செய்தான். கடையில் நம்பர் வாங்கியிருக்கிறான்.

"அக்கா, அவ அங்கதான் இருக்காளா? சாப்டாளா?"

குரல் நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் இவ்வளவு சுலபமாகப் பேசுகிறவனுக்கு வீட்டில் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"நீயே கேளுப்பா" என்று போனை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஹலோகூடச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் கொண்டுவந்தேன், அப்போதும் அதே நிலை. வைத்துவிட்டானா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"லைன்லதான் இருக்காருக்கா. மூச்சு விடறது கேக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்குத் தமிழிலேயே தெரியவில்லை.