இருபது இல்லை, ஐந்து கிராம்

கல்லூரி வேதியியல் கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது அவள் வேலை. பதினாறு வருஷமாகக் கழுவியதில் எல்லாருக்கும் அவள் ‘குடுவை அக்கா’ ஆகிவிட்டாள். பள்ளி இறுதியில் அறிவியலில் தோற்றுப் படிப்பை விட்டவள், நாற்பது வயதில் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். இந்த வயதில் இது எதற்கு என்றார் வீட்டுக்காரர். தோற்றவள்தானே திரும்ப எழுத வேண்டும் என்றாள்.

மோல் கணக்கு மட்டும் தண்ணி காட்டியது. ஒருநாள் சோடியம் ஹைட்ராக்சைடு புட்டியைத் துடைக்கும்போது லேபிளில் 40 என்ற எண் கண்ணில் பட்டது. ஒரு மோலின் எடை நாற்பது கிராம்! புத்தகத்தில் பிடிபடாதது புட்டியில் பிடிபட்டது. அன்றிலிருந்து பழைய விடைத்தாள்களின் பின்பக்கமெல்லாம் அவள் கணக்குதான்.

செய்முறை வகுப்புக்கு முந்தின நாள் ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு சீட்டை நீட்டினார். லிட்டருக்கு அரை மோல் என்ற கணக்கில் கால் லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு இருபது கிராம் நிறுக்கச் சொல்லியிருந்தார். அவள் தராசைத் தொடவில்லை.

“சார், இருபது கிராம் ஒரு லிட்டருக்கு. கால் லிட்டருக்கு அஞ்சுதான்.”

“குடுவை கழுவுறவங்க குடுவையக் கழுவினாப் போதும்.”

“கழுவுறேன் சார். ஆனா இத நான் கலக்க மாட்டேன்.”

அவர் முகம் சிவந்து தானே கலக்கி வைத்தார். மறுநாள் ப்யூரெட் குழாயில் இருந்த அமிலம் முழுவதும் காலியாகியும் மாணவர்களின் குடுவைகளில் மறைய வேண்டிய ரோஜா நிறம் மாறாமல் நின்றது. யார் கலக்கியது என்று பேராசிரியை கேட்டார். பொறுப்பாளரின் கண் தன்மேல் திரும்புவதைப் பார்த்ததும் அவள் அந்தச் சீட்டையும் தன் கணக்கையும் மேசைமேல் வைத்தாள். பேராசிரியை இரண்டையும் படித்தார். புதுக் கரைசலை அவளையே கலக்கச் சொன்னார்.

தனித்தேர்வில் அவளுக்கு அறிவியலில் நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது. ஆய்வக உதவியாளர் வேலைக்கு மனு கொடுத்தாள். ‘தகுதி இல்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டார் பொறுப்பாளர். என்ன தகுதி இல்லை என்று எழுத்தில் கேட்டு, அவள் நேரே கல்லூரி முதல்வருக்கே இரண்டாவது மனு போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. மூன்றாவதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.