உள்ளங்கையளவு முகம்

குமாசி நகரில் சாவுப் பதாகை அடிப்பவர்களில் ஆன்ட்வியைப் போல வாய்ச்சவடால் பேசுகிறவன் வேறு யாருமில்லை. “எழுத்து, பூ, கரை எல்லாம் கணக்குப்படி வரைஞ்ச வெக்டர் கோடு. ஊரளவு பெருசாக்கினாலும் கூர்மை போகாது. முகம் அப்படியில்லீங்க, வெறும் புள்ளி, பெருசாக்கினா சிதறிடும். வாட்சப்புல சுருங்கின படத்தை அனுப்பி என் உசிரை வாங்காதீங்க” என்று துக்க வீட்டுக்காரர்களையே விரட்டுவான்.

அவன் மனைவி போக்குவா ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் சுருண்டு விழுந்து இறந்துபோனாள். உடலும் சடங்கும் அவளுடைய தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். புருஷனுக்கு அதில் பேச்சில்லை. பதாகை அடிக்கும் வேலையை மட்டும் அவன் கெஞ்சி வாங்கிக்கொண்டான். பிறகுதான் உறைத்தது: வேறு யாருடைய சாவுப் பதாகைக்கோ கணினியில் இடம் போதாமல், போன மாதம் அவளுடைய நல்ல படங்களையெல்லாம் தானே அழித்திருந்தான். மிஞ்சியது, அவள் தங்கை டூஃபியேவுக்கு வாட்சப்பில் போன ஒரே படம்.

அதைப் பெரிதாக்கினான். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அதன் மேலேயே கோடு கோடாக வரைந்தான். பன்னிரண்டு அடிக்கு இழுத்தாலும் பிசிறில்லை.

டூஃபியே வந்து பார்த்தாள். “யாரு அத்தான் இது?”

“உங்க அக்காதான்.”

“பல்லுச் சந்து எங்க? கன்னத்துத் தழும்பு எங்க? சோப்பு விளம்பரக்காரி மாதிரில்ல இருக்கா!”

பல்லைத் திருத்தினான். சின்ன வயதில் கீறி மருந்து வைத்த அந்தத் தழும்பை வரையப் போனவன் கை நின்றுவிட்டது. பெரிதாக்கிய கட்டங்களில் அது கரைந்துபோயிருந்தது. இடக் கன்னமா, வலக் கன்னமா? இருபத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதான்.

டூஃபியே தன் போனைத் தள்ளிப் பிடித்தாள். “பெருசாக்காதீங்க அத்தான். இப்படியே பாருங்க.”

சிறிய படத்தில் போக்குவா அவளாகவே இருந்தாள். தழும்பும் இருந்தது.

சனிக்கிழமை கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்த கூட்டம் பதாகையைப் பார்த்து முணுமுணுத்தது. பெயர் மட்டும் தெருமுனைவரை தெரிந்தது. நடுவே உள்ளங்கையளவு படம்.

“ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் ஆளுயரம், சொந்தப் பொண்டாட்டிக்கு இவ்வளவுதானா?” என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்.

முகம் பார்க்க ஒவ்வொருவராகக் கிட்டே வரவேண்டியிருந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஆன்ட்வி விரலால் தொட்டுக் காட்டினான்.

“இடக் கன்னம்,” என்றான். “பாருங்க, இடக் கன்னம்.”