வனதேவதைகளின் பாஷையில் ஒரு பாட்டு

மகள் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து, ஒரு சினிமாப் பாட்டை, ஏதோ கதையில் வரும் வனதேவதைகளின் பாஷைக்கு மாற்றிப் பாடிக்கொண்டிருந்தாள். "என்னா கூத்து இது? ஆளுகளுக்கு வெளங்குற மாதிரி பாடு" என்றார் கணவர். எனக்கு வேப்பிலை வாசம் வந்தது.

பத்து வயதில் நானும் தங்கச்சியும் அப்படியொரு பாஷையை உண்டாக்கியிருந்தோம். கோயில் ஒலிபெருக்கிப் பாட்டுகளையும் பள்ளிச் சுவரில் இருந்த பொன்மொழிகளையும் அதில் மாற்றி, ஒரு கொப்பி நிறைய எழுதினோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும்; சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டு அத்தை, "புள்ளைக்குப் பேய் புடிச்சிருக்கு" என்று பூசாரியைக் கூட்டி வந்துவிட்டார்.

பூசாரி வேப்பிலையால் என்னை அடித்தார். "யாரு நீ? பேரச் சொல்லு!"

விளையாட்டு என்று சொன்னால் அம்மா கொப்பியை அடுப்பில் போட்டுவிடுவார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், லயமே கூடி நிற்க, ஒரு திருவிழாப் பாட்டை எங்கள் பாஷையில் முழுதாகப் பாடினேன். பூசாரி இரண்டடி பின்னால் போனார்.

"இது நம்ம தோட்டத்துப் பேய் இல்ல தாயீ" என்றார் அம்மாவிடம்.

"அவ பாடட்டுங்க" என்றேன் கணவரிடம். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். நான் மகளை இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னேன்.