ஒன்பது மில்லிவோல்ட்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. திருப்பாதிரிப்புலியூரில் விடாத மழை. முந்தின மாலையே பேட்டரியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் கம்பியால் இணைத்துக் காலி செய்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் மீட்டரை வைத்தால் ஒன்பது மில்லிவோல்ட் காட்டியது.

பலகையில் நான் கட்டியிருந்தது இதயச் செல் ஒன்றின் மேல்படலத்துக்கு ஒரு மின் மாதிரி. மின்னூட்டத்தைத் தாங்கும் கொழுப்புப் படலத்துக்குக் கெப்பாசிட்டர். அயனிகள் கசியும் துளைகளுக்கு ரெசிஸ்டர். உள்ளும் வெளியும் பொட்டாசியம் வேறுபடுவதால் பிறக்கும் மின்னழுத்தத்துக்கு டார்ச் பேட்டரி ஒன்று. முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இது பெரிய வேலையில்லை.

ஆகஸ்டில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவி இறந்தாள். சிறுநீரகம் போய்விட்டிருந்தது.

“பொட்டாசியம் ஜாஸ்தியாயிடுச்சி சார், ஹார்ட்டு தாங்கல” என்றார் டாக்டர்.

எவ்வளவு என்று கேட்டேன். நாலு இருக்க வேண்டியது ஏழாம். கணக்குப் போட்டால் படலத்தின் அழுத்தம் தொண்ணூற்றைந்திலிருந்து எண்பதுக்கு இறங்குகிறது. பதினைந்து மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியில் நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவுக்கா போனாள் என்று கண்ணால் பார்க்கத்தான் அந்தப் பலகை.

எட்டு மணிக்கு அவள் தம்பி இட்லிப் பொட்டலத்தோடு நனைந்து வந்தான்.

“பேட்டரியே இல்ல, எப்பிடி மாமா காட்டுது?”

“உள்ள ஒளிஞ்சிருந்த சார்ஜ் மெதுவா வெளிய வருதுடா. புஸ்தகத்துலயே இருக்கு.”

“எங்க அக்கா மாமா அது. உங்கள நிம்மதியா இட்லி திங்க விட்டுடுமா?”

சிரித்தான். நான் கம்பியால் தொட்டேன். சுழியம். கம்பியை எடுத்தேன். ஒன்று. சிறிது நேரம் கழித்து இரண்டு. பிறகு மூன்று. பிட்ட இட்லியை அவன் வாயில் வைக்கவில்லை.

“அப்பிடியே இருக்கட்டும் மாமா. எதையும் மாத்தாதீங்க.”

பதினோரு நாள் மாற்றவில்லை. பகலில் பேட்டரியை மாட்டிவைப்பேன், மாலையில் கழற்றிக் காலி செய்வேன், காலையில் ஒன்பது வந்திருக்கும். பல் துலக்கும் முன்பே போய்ப் பார்ப்பேன். ஆனால் உண்மையான படலம் இப்படிச் செய்யாது. ஒன்பது பிழையை வைத்துக்கொண்டு பதினைந்தை அளந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவள் எதனால் போனாள் என்பதே சந்தேகமாகிவிடும்.

மின்னூட்டத்தை ஒளித்துவைக்காத ரகக் கெப்பாசிட்டர் கடலூரில் இரண்டு கடைகளில் இல்லை. சிதம்பரம் போனேன். ஆஸ்பத்திரி வாசலைப் பேருந்து கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன். அன்றே பொருத்தி, பதினைந்தை அளந்து, காலி செய்துவிட்டுப் படுத்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

காலையில் மீட்டர் சுழியம் காட்டியது. மறுநாளும் சுழியம்.

கெப்பாசிட்டர் பன்னிரண்டு, பேருந்துக்குப் போகவர எண்பது. ஆகத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.